பெனால்டி கார்னரில் நம் தடுப்பு ஏன் தளர்ந்தது? வேலூர் அணி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் வட்டாரத்துப் பிள்ளைகளைக் கொண்டு நாங்கள் நடத்திவரும் ஹாக்கி அணி, சென்ற ஆண்டு தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலானவற்றைப் பெனால்டி கார்னரில், அதாவது நம் தவறுக்காக எதிரணிக்கு நம் கோலருகே கிடைக்கும் வாய்ப்பில், வாங்கிய கோல்களால்தான் தோற்றது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை இதே அணி பெனால்டி கார்னரைத் தடுப்பதற்காகவே இந்த வட்டாரத்தில் பேசப்பட்டது என்பதால், பெற்றோரும் பழைய ஆட்டக்காரர்களும் என்னை எங்கே பார்த்தாலும் இதையே கேட்கிறார்கள். காட்பாடி ரயில் நிலையத்தின் நடைமேடையிலும், சத்துவாச்சாரி காய்கறிக் கடையிலும் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில்களை, தடுப்பாட்டப் பயிற்சியைக் கவனித்துவருபவன் என்ற முறையில் இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

தடுப்பு தளர்ந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? வாங்கிய கோல்களை மட்டும் வைத்தா?

இல்லை. கோல் கணக்கு பல நேரங்களில் ஏமாற்றிவிடும். எதிரணியில் பந்தை நிறுத்துபவர் தவறவிட்டால், நாம் எவ்வளவு மோசமாக ஓடியிருந்தாலும் கோல் விழாது. நாம் மிகச் சரியாக ஓடியும், பந்து யாருடைய ஸ்டிக்கிலோ பட்டுத் திரும்பி உள்ளே போய்விடுவதும் உண்டு. ஆகவே நான் ஒவ்வொரு பெனால்டி கார்னருக்கும் ஒரு நோட்டில் மூன்று விஷயங்களைக் குறித்துவைக்கிறேன்: எதிரணி தன் முதல் அடியைத் தடையின்றி எடுத்ததா, நம் முதல் ரஷ்ஷரின் (பந்து புறப்பட்டதும் அடிப்பவரை நோக்கி முதலில் பாய்ந்து ஓடும் தடுப்பாளரின்) ஸ்டிக் அந்த அடியின் பாதையில் இருந்ததா, கோல்கீப்பர் தடுத்த பந்தை அடுத்து யார் எடுத்தார்கள். பழைய நோட்டின் பக்கங்களில் நடுக் கட்டம் நிறைய டிக் இருக்கிறது. சென்ற ஆண்டு நோட்டில் அந்தக் கட்டம்தான் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கிறது. கோல்கள் பிறகு வந்தவை. தளர்ச்சி முதலில் தெரிந்தது அந்த வெற்றுக் கட்டங்களில்தான்.

பெனால்டி கார்னர் எப்போது கொடுக்கப்படுகிறது, எப்படி எடுக்கப்படுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நம் கோலைச் சுற்றியுள்ள ‘டி’ வட்டத்துக்குள், உறுதியான கோலைக் கெடுக்காத அளவில், நம்மவர் தெரியாமல் தவறு செய்தாலும் கொடுப்பார்கள். வட்டத்துக்கு வெளியே, ஆனால் 23 மீட்டர் கோட்டுக்குள், வேண்டுமென்றே தவறு செய்தாலும் கொடுப்பார்கள். பந்தை வேண்டுமென்றே பின்கோட்டுக்கு வெளியே தள்ளினாலும் கொடுப்பார்கள். எதிரணியின் ஒருவர், கோல் கம்பத்திலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் பந்தை வைத்து உள்ளே தள்ளுவார். வட்டத்தின் உச்சியில் ஒருவர் அதை நிறுத்த, மற்றொருவர் அடிப்பார் அல்லது பந்தை ஸ்டிக்கில் ஏந்தி இழுத்து வீசும் டிராக் ஃபிளிக் செய்வார். கோலை நோக்கி அடிப்பதற்கு முன் பந்து ஒருமுறை வட்டத்தைவிட்டு வெளியே வந்தாக வேண்டும். தடுக்கும் அணியில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐவர் மட்டுமே பின்கோட்டுக்குப் பின்னால் நிற்கலாம்; ஏனையோர் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். அந்த ஐவரின் கால் மட்டுமன்றி, கையும் ஸ்டிக்கும்கூடப் பந்து புறப்படும்வரை மைதானத்துக்குள் தரையைத் தொடக் கூடாது.

கோல்கீப்பர் மாறிய பிறகுதானே இப்படி ஆனது? அவர்தானே காரணம்?

இந்தக் கேள்வியை மிக அதிகம் பேர் கேட்கிறார்கள். இதனால் ஒரு பதினேழு வயதுப் பையன் மனம் உடைந்து இரண்டு வாரம் பயிற்சிக்கு வராமல் இருந்தான் என்பதால், இதற்கு விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

கோலின் அகலம் 3.66 மீட்டர், உயரம் 2.14 மீட்டர். வட்டத்தின் விளிம்பு கோலிலிருந்து 14.63 மீட்டர் தொலைவில் இருக்கிறது. டிராக் ஃபிளிக் செய்பவர் பந்தை ஸ்டிக்கில் ஏந்தி இழுத்துக்கொண்டு வட்டத்துக்குள் வந்துதான் விடுவார் என்பதால், பந்து கையைவிட்டுப் போகும் இடம் கோலுக்கு 13 மீட்டர் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர். 13 மீட்டரைக் கடக்க அரை விநாடிகூட ஆகாது. அந்த அரை விநாடிக்குள் பந்தைப் பார்த்து, எந்தப் பக்கம், எந்த உயரம் என்று தீர்மானித்து, கையையோ காலையோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். முழுக் கோலையும் ஒருவரே இப்படிக் காப்பது உலகின் தலைசிறந்த கோல்கீப்பருக்கும் இயலாத காரியம்.

அதனால்தான் தடுப்பில் ஓர் உடன்பாடு இருக்கிறது. முதல் ரஷ்ஷர் கோலின் ஒரு பக்கத்தைத் தன் ஓட்டத்தால் அடைத்துவிடுவார். மற்றப் பக்கம் கோல்கீப்பருடையது. ரஷ்ஷர் தன் பக்கத்தை அடைக்காமல் விட்டால், கோல்கீப்பர் எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நடுவில் நிற்பார். நடுவில் நிற்பவருக்கு இரண்டு மூலையும் தூரம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பந்து கோல்கீப்பரைத் தாண்டிப் போவதுதான் கண்ணில் படும். அதற்கு ஒரு விநாடி முன்னால், எட்டு மீட்டர் முன்னால் நடந்த தவறு கண்ணில் படாது. எங்கள் பழைய கோல்கீப்பர் கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் முன்னால் ஓடிய ரஷ்ஷர் கல்லூரிப் படிப்புக்காகக் கோயம்புத்தூர் போனதும் அதே ஆண்டில்தான் நடந்தது என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

முதல் ரஷ்ஷரின் வேலை என்ன? வேகமாக ஓடும் ஒரு பையனை அங்கே நிறுத்தினால் போதாதா?

போதும் என்றுதான் நானும் நினைத்தேன். எங்கள் அணியில் 100 மீட்டர் ஓட்டத்தில் முதலாக வரும் பையனை அந்த இடத்தில் நிறுத்தினேன். அது என் தவறு.

ரஷ்ஷருக்கு வேகம் வேண்டும்; ஆனால் அதைவிட மூன்று விஷயங்கள் முக்கியம். ஒன்று, புறப்படும் நேரம். தள்ளுபவரின் ஸ்டிக்கிலிருந்து பந்து அசையும் அந்தக் கணத்தில் இவர் கால் தரையைவிட்டு எழ வேண்டும். தேர்ந்த அணிகளில் பந்து உள்ளே தள்ளப்பட்டதிலிருந்து ஃபிளிக் வெளிவரும்வரை ஒன்றரை விநாடி அளவுதான் ஆகிறது. அதில் கால் விநாடி தாமதித்தால் ஏறக்குறைய இரண்டு மீட்டர் இழப்பு. இரண்டு, ஓடும் கோடு. மூன்று, ஸ்டிக் இருக்கும் உயரம்: பந்தைச் சந்திக்கும் நேரத்தில் ஸ்டிக் தரையோடு தாழ்ந்து, உடம்புக்கு முன்னால் நீண்டிருக்க வேண்டும்.

நம் தளர்ச்சிக்குப் பெருங்காரணம் இரண்டாவது. அதை நான் கண்டுகொண்டது ஒரு மழை நாளில். ஐப்பசி மாதத்து மாலை; மதியம் பெய்த மழையில் மைதானத்தின் செம்மண் ஊறி, கால் வைத்தால் தடம் பதியும் பதத்தில் இருந்தது. கார்னர் பயிற்சியை நான்கைந்து முறை செய்துவிட்டு, பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் கோலுக்கு முன்னால் வந்து நின்றேன். ரஷ்ஷரின் காலடித் தடங்கள் கோல் கம்பத்திலிருந்து வட்டத்தின் உச்சிவரை வரிசையாகப் பதிந்திருந்தன. முதல் நான்கு அடி நேராகப் போய், ஐந்தாவது அடியில் தடம் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. ஒருமுறை மட்டுமல்ல, எல்லா முறையும் அதே இடத்தில் அதே வளைவு. குதிகால் பதிவு மறைந்து, பாதத்தின் வெளிவிளிம்பு மட்டும் ஆழமாகப் பதிந்திருந்தது. அதாவது அந்த இடத்தில் அவன் உடலைச் சாய்த்து ஒதுங்கியிருக்கிறான். பையனை அழைத்துக் காட்டினேன். அவன் குனிந்து நெடுநேரம் பார்த்துவிட்டு, “நான் நேராத்தான் ஓடுறேன்னு நெனச்சேன் சார்” என்றான். பொய் சொல்லவில்லை, அவனுக்கு உண்மையிலேயே தெரியாது.

அந்த ஒரு அடி ஒதுங்கலில், அடைபட வேண்டிய பக்கம் திறந்துவிடுகிறது. அதோடு முடிவதில்லை. ஒதுங்கும் உடம்பு கோல்கீப்பருக்கும் ஃபிளிக் செய்பவருக்கும் நடுவே குறுக்கே வந்து, பந்து புறப்படும் கணத்தைக் கோல்கீப்பரின் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. ஆக, இருவரின் பக்கமும் ஒரே நேரத்தில் பழுதாகிறது.

பையன் பயப்படுகிறானா? பந்து பட்டால் என்ன ஆகும்?

ஒதுங்குவதற்கு அச்சம் ஒரு காரணம்தான், அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம்வரை, கல்போலக் கெட்டியானது. அது எதிரே பாய்ந்து வரும்போது உடம்பு தானாகவே விலகப் பார்க்கும். “தைரியமாக ஓடு” என்று கோட்டுக்கு வெளியிலிருந்து கத்துவதால் அந்த விலகல் நிற்பதில்லை. முகக் கவசமும், முழங்கால் பட்டையும், கையுறையும், இடுப்புக் கவசமும் நன்றாகப் பொருந்தியிருந்தால் மட்டுமே உடம்பு நம்பும்.

இங்கே எங்கள் குறை ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்களிடம் இருந்த முகக் கவசங்களில் இரண்டின் பட்டை நைந்துபோய், ஓடும்போது கண்ணுக்குக் கீழே இறங்கிவிடும். பையன்கள் ஒரு கையால் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே ஓடினார்கள். ஒரு கை கவசத்தில் இருந்தால் ஸ்டிக் எப்படித் தாழும்? இதைப் பல மாதம் கவனிக்காமல் விட்டது பயிற்சியாளர்களாகிய எங்கள் பொறுப்பு. ஆம்பூரில் தோல் வேலை செய்யும் ஒரு தந்தை அந்தக் கவசங்களை வாங்கிக்கொண்டு போய், செருப்பு வாருக்குப் போடும் கெட்டித் தையலால் புதிய பட்டை வைத்துத் தந்தார். அடுத்த வாரமே ஸ்டிக் தாழ்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

விதிகளும் ரஷ்ஷரைக் காக்கின்றன என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது. முதல் அடியை எடுப்பவரிலிருந்து 5 மீட்டருக்குள் ஓடிவரும் தடுப்பாளரின் முழங்காலிலோ அதற்கு மேலோ பந்து பட்டால், அவர் இயல்பாக நின்ற நிலையில் இருந்தால், அந்த அடி ஆபத்தானது என்று நம் அணிக்கு ஃப்ரீ ஹிட் கிடைக்கும்; முழங்காலுக்குக் கீழே பட்டால் எதிரணிக்கு இன்னொரு பெனால்டி கார்னர். மறுபக்கம், பந்தை ஸ்டிக்கால் ஆட முயலாமல் உடம்பை மட்டும் குறுக்கே கொண்டுபோனால் அது நம்முடைய ஆபத்தான ஆட்டமாகக் கொள்ளப்படும். உடம்பால் தடுக்கச் சொல்லி எந்தப் பிள்ளையையும் நாங்கள் அனுப்புவதில்லை, அனுப்பவும் மாட்டோம்.

மண் மைதானத்தில் பயிற்சி செய்துவிட்டு டர்ஃபில் (செயற்கைப் புல்தரையில்) ஆடுவது எவ்வளவு பாதிக்கிறது?

பெனால்டி கார்னரைப் பொறுத்தவரை மிகவும் பாதிக்கிறது. இந்தப் பதிலைச் சாக்குப்போக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம், நடப்பதைச் சொல்கிறேன்.

பந்து வைக்கும் இடத்திலிருந்து வட்டத்தின் உச்சிக்கு உள்ள தூரம், கணக்குப் போட்டுப் பார்த்தால் 19 மீட்டரை ஒட்டி வருகிறது. நனைத்த செயற்கைப் புல்தரையில் அந்தத் தூரத்தைப் பந்து துள்ளாமல் வழுக்கிக்கொண்டு கடக்கிறது. எங்கள் செம்மண்ணில் சரளையில் பட்டுத் துள்ளும், பாதியில் வேகம் குறையும், நிறுத்துபவர் இரண்டு முறை தட்டித்தான் அடக்குவார். ஆகவே எங்கள் ரஷ்ஷருக்குப் பயிற்சியில் எப்போதும் நேரம் மிஞ்சுகிறது. அவன் கால்கள் அந்த மிச்ச நேரத்துக்குப் பழகிவிடுகின்றன: நான்கு அடி வேகமாக வைத்து, ஐந்தாவதில் நிதானித்து, பந்து எங்கே என்று பார்த்துவிட்டுப் பிறகு ஒதுங்குவது. மழை நாளில் நான் பார்த்த அந்த வளைவுக்கு மண்ணும் ஒரு காரணம் என்பது பிறகுதான் புரிந்தது. சென்னைக்குப் போய் டர்ஃபில் இறங்கினால், அவன் நிதானிக்கும் அந்த ஐந்தாவது அடியில் ஃபிளிக் புறப்பட்டுவிட்டிருக்கிறது.

இது வேலூருக்கு மட்டும் நேர்ந்த துன்பமல்ல. ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியலில். ஏழு தங்கம் வாங்கியிருந்த அன்றைய இந்திய அணி ஏழாவது இடத்தில் முடித்தது. தரை மாறினால் ஆட்டமே மாறுகிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் முன்பு மட்டும் எப்படித் தடுத்தோம் என்று கேட்பீர்கள். முன்பு நாம் ஆடிய போட்டிகளில் பெரும்பாலானவை மண்ணிலேயே நடந்தன. எல்லோருக்கும் ஒரே தரை. இப்போது வெளியூர்ப் போட்டிகள் டர்ஃபுக்கு மாறிவிட்டன; நம் பயிற்சி மட்டும் மாறவில்லை.

ரஷ்ஷர் முன்கூட்டியே ஓடிவிட்டால் நேரம் மிச்சமாகுமே?

நடுவர் பார்த்துவிட்டால் அந்தத் தடுப்பாளர் நடுக்கோட்டுக்கு அப்பால் போக வேண்டும், அவருக்குப் பதில் ஆள் வர முடியாது, கார்னர் மறுபடி எடுக்கப்படும். கோல்கீப்பரே முந்திக்கொண்டால், அவருக்குப் பதிலாக வேறொரு தடுப்பாளரை அணி அனுப்பிவைக்க வேண்டும். ஐவர் நால்வராவார்கள். சென்ற ஆண்டு இந்தத் தவறை நாங்கள் அடிக்கடி செய்தோம். தாமதமாகப் புறப்படுகிறோம் என்ற பதற்றத்தில் பிறந்த தவறு அது.

மற்ற மூவர் என்ன செய்கிறார்கள்? அவர்கள் பங்கில் தளர்ச்சி இல்லையா?

இருக்கிறது. இரண்டாவது ரஷ்ஷர் முதலாமவருக்குச் சற்றுப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் ஓடி, எதிரணி பந்தை நேராக அடிக்காமல் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளினால் அதைத் தடுக்க வேண்டும். கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்து அவர் பக்கம் வந்தால் எடுக்கவும் வேண்டும். மற்ற இருவரில் ஒருவர் கோல் கம்பத்தோடு நின்று மூலையைக் காப்பார்; இன்னொருவர் மறுபக்கக் கம்பத்திலிருந்து சில அடி முன்னேறி, திசை திருப்பிவிட வருபவரைக் கவனிப்பார். இதில் அணிக்கு அணி வேறுபாடு உண்டு.

நம் குறை, கோல்கீப்பர் தடுத்த பிறகு வரும் இரண்டாவது விநாடியில் இருக்கிறது. பந்து அவருடைய கால் கவசத்தில் பட்டு முன்னால் விழும்போது நால்வரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், “தடுத்தாச்சு” என்ற நிம்மதியில். எதிரணிக்காரர் அந்த நிம்மதிக்காகவே காத்திருக்கிறார். தட்டிவிட்ட பந்து வட்டத்திலிருந்து 5 மீட்டருக்கு மேல் வெளியே போனால்தான் பெனால்டி கார்னர் முடிந்ததாக விதி சொல்கிறது. அதுவரை ஒருவர்கூட மூச்சு விடக் கூடாது என்று சொல்லித்தருகிறேன். பழைய அணியில் இதைக் குரலால் சாதித்தார்கள். கோல்கீப்பர் “இடது”, “வலது” என்று கத்துவார். அந்தப் பக்கத்துக்காரர் பாய்வார். இப்போதுள்ள பிள்ளைகள் மிக அமைதியானவர்கள். பயிற்சியில் நான் வற்புறுத்திப் பேசவைக்கிறேன். ஆட்டத்தில் மறுபடி வாய் மூடிக்கொள்கிறது.

கார்டு வாங்கி ஆள் குறையும்போது நிலைமை இன்னும் மோசமாகிறதே, ஏன்?

பச்சைக் கார்டு என்றால் 2 நிமிடம், மஞ்சள் என்றால் குறைந்தது 5 நிமிடம் அந்த ஆட்டக்காரர் வெளியே உட்கார வேண்டும். சிவப்பு என்றால் அந்த ஆட்டம் முழுதும் வெளியே. அணி பத்துப் பேரோடு ஆடும். பத்துப் பேராக இருந்தாலும் பெனால்டி கார்னரில் ஐவர் நிற்பதற்கு விதியில் தடையில்லை. நடுக்கோட்டுக்கு அப்பால் நிற்பவர்களில்தான் ஒருவர் குறைவார். ஆகவே எண்ணிக்கையைவிட, வெளியே போனவர் யார் என்பதுதான் கேள்வி. நம் அணியில் கார்டு வாங்குபவர்கள் பெரும்பாலும் நடுவில் நின்று மோதும் தடுப்பாளர்கள். கார்னரில் முதல் ரஷ்ஷராகவும் இரண்டாவது ரஷ்ஷராகவும் ஓடுபவர்களும் அவர்களே. அவர்கள் வெளியே இருக்கும் நேரத்தில், பயிற்சியில் ஒருநாளும் ரஷ்ஷராக ஓடிப் பார்க்காத ஒருவர் கவசத்தை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

இதை எப்படிச் சமாளிக்கலாம் என்பதற்கு நான் பிள்ளைகளிடம் எடுத்துக்காட்டுவது 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதி. ஆகஸ்ட் 4 அன்று கிரேட் பிரிட்டனுக்கு எதிரான அந்த ஆட்டத்தில், 17ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்புக் கார்டு பெற்று வெளியேறினார். அவர் அப்போது இந்தியாவின் முதன்மையான முதல் ரஷ்ஷர். மீதி ஆட்டம் முழுவதையும், 40 நிமிடத்துக்கு மேல், இந்தியா பத்துப் பேரோடு ஆடி 1-1 என்று முடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என வென்றது. ரஷ்ஷர் இல்லாமலே கார்னர்களைத் தாங்க முடிந்தது என்றால், அவருடைய வேலையைச் செய்யப் பழகிய வேறொருவர் அணியில் இருந்தார் என்று பொருள். தடை காரணமாக ரோஹிதாஸ் ஆட முடியாமல் போன அடுத்த ஆட்டத்தில், அரையிறுதியில், ஜெர்மனியிடம் இந்தியா 2-3 என்று தோற்றது. ஜெர்மனியின் முதல் கோலை கொன்சாலோ பெய்யாத் பெனால்டி கார்னரில் அடித்தார். அந்தத் தோல்விக்கு ஒரே காரணம் அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு ரஷ்ஷரின் மதிப்பு என்ன என்பதை அந்த இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் பிள்ளைகள் தாமாகவே உணர்ந்துகொள்கிறார்கள்.

கார்னரைத் தடுப்பது இருக்கட்டும். இத்தனை கார்னர்களை நாம் ஏன் கொடுக்கிறோம்?

குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு பழைய ஆட்டக்காரர் இதைக் கேட்டார். கேட்டவர்களிலேயே சரியான இடத்தைத் தொட்டவர் அவர்தான். கார்னர் கூடக் கூட, எவ்வளவு நல்ல தடுப்பும் ஒருநேரம் உடையும்.

நாம் கொடுக்கும் கார்னர்களில் மிகப் பல, பந்து நம் தடுப்பாளரின் காலில் படுவதால் வருகின்றன. எதிரணி முன்வரிசைக்காரர்கள் இப்போது கோலைப் பார்ப்பதில்லை. வட்டத்துக்குள் நுழைந்ததும் நம் காலைத்தான் பார்க்கிறார்கள். ஸ்டிக்கின் முனையால் பந்தைக் காலில் தட்டிவிட்டு, கையைத் தூக்கி நடுவரைப் பார்க்கிறார்கள். விதிப்படி அது செல்லும், அவர்களைக் குறைசொல்வதற்கில்லை. இரண்டு கால்களையும் சேர்த்து எதிரே நின்றால் பந்துக்குக் கால் கிடைத்துவிடும். பக்கவாட்டில் திரும்பி நின்று, ஸ்டிக்கை முன்னால் நீட்டி, ஆளைப் பின்கோட்டுப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டு போனால் கிடைக்காது. மண்ணில் பந்து துள்ளும் என்பதால், உடம்பை நேராகக் கொண்டுபோய்ப் பின்னால் வைத்துத் தடுக்கும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு ஊறிப்போயிருக்கிறது. மண்ணில் அது புத்திசாலித்தனம். டர்ஃபில் அது பெனால்டி கார்னர்.

ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் இது கூடுகிறது. களைத்த கால் திரும்புவதில்லை. சித்திரை வெயிலில், வேலூரில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், காலை ஏழரைக்கு மேல் எங்களால் பயிற்சி செய்ய முடிவதில்லை. அந்த இரண்டு மாத இழப்பு ஆனி, ஆடிப் போட்டிகளில் தெரிகிறது.

அந்தக் காலத்தில் முகக் கவசம்கூட இல்லாமல் நாங்கள் தடுத்தோமே?

உண்மை, அந்தத் தைரியத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் நீங்கள் தடுத்த அடி வேறு. கோலை நோக்கிய முதல் அடி, ஸ்டிக்கை வீசி அடிக்கும் ‘ஹிட்’டாக இருந்தால், பந்து 460 மில்லிமீட்டருக்கு மேல், அதாவது கோலின் பின்பலகையின் உயரத்துக்கு மேல் எழும்பிக் கோட்டைக் கடக்கக் கூடாது. தாழ்ந்து வரும் அடியைத் தடுக்கக் கோல்கீப்பர் படுத்துவிட்டாலே பாதிக் கோல் அடைபட்டது. டிராக் ஃபிளிக்குக்கு அந்த உயரக் கட்டுப்பாடு இல்லை. 1990களில் பரவிய இந்த முறையில், பாகிஸ்தானின் சொஹைல் அப்பாஸ் முதல் நம் ஹர்மன்ப்ரீத் சிங் வரை, மேல் மூலைகளைக் குறிவைத்தே கோல்களைக் குவித்தார்கள். பாரிஸில் 10 கோல்களுடன் அதிகக் கோல் அடித்தவர் ஹர்மன்ப்ரீத்தான். முன்பெல்லாம் பெரிய அணிகளில் மட்டும் ஃபிளிக் செய்பவர் இருப்பார். இன்று நமக்கு எதிரே வரும் பள்ளி அணிகளிலேயே ஒரு பையன் அதைப் பழகிவிட்டு வருகிறான். நாம் தளர்ந்தது பாதி என்றால், எதிரணி வளர்ந்தது மீதிப் பாதி.

இப்போது பயிற்சியில் என்ன மாற்றியிருக்கிறீர்கள்?

முதலாவதாக, கார்னர் பயிற்சியை நாளின் கடைசிப் பத்து நிமிடத்திலிருந்து எடுத்து, உடல் புதிதாக இருக்கும் தொடக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ரஷ்ஷர் ஓட வேண்டிய கோட்டைச் சுண்ணாம்புத் தூளால் தரையில் போட்டுவிடுகிறோம். ஓடி முடித்ததும் அவனே திரும்பி வந்து தன் தடத்தைப் பார்த்துக்கொள்கிறான். தூள் கலைந்திருந்தால் நேராக ஓடியிருக்கிறான். கோடு அப்படியே இருந்தால் ஒதுங்கியிருக்கிறான். நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

இரண்டாவதாக, மண்ணின் மெதுவைச் சரிக்கட்ட, பந்தை 10 மீட்டரில் வைக்காமல் இன்னும் அருகில் வைத்துத் தள்ளுகிறோம். ஃபிளிக் செய்பவரிடம் ஏற்கெனவே நிறுத்திய இரண்டாவது பந்து ஒன்று தயாராக இருக்கும், முதல் பந்து தள்ளப்பட்டதும் அவர் காத்திராமல் தன் பந்தை எடுத்துவிடுவார். டர்ஃபின் வேகத்துக்கு இது முழுமையாக ஈடாகாது. என்றாலும் ஐந்தாவது அடியில் நிதானிக்கும் பழக்கத்தை இது உடைக்கிறது. தொடக்கத்தில் டென்னிஸ் பந்தைக் கொண்டுதான் செய்கிறோம். ஒதுங்கல் நின்ற பிறகே கெட்டிப் பந்து.

மூன்றாவதாக, ஒரே ரஷ்ஷர் என்ற நிலையை விட்டுவிட்டோம். நால்வர் முதல் ரஷ்ஷராக ஓடப் பழகுகிறார்கள். 100 மீட்டர் ஓட்டக்காரப் பையன் இப்போது இரண்டாவது ரஷ்ஷராக இருக்கிறான், அந்த இடத்தில் அவன் வேகம் நன்றாகப் பயன்படுகிறது. முதல் இடத்துக்கு வந்திருப்பவன் அணியிலேயே மெதுவாக ஓடுபவர்களில் ஒருவன்; வாலாஜாவிலிருந்து பேருந்தில் வருகிறான். அவன் ஸ்டிக் எப்போதும் தாழ்ந்தே இருக்கிறது, கண் எப்போதும் தள்ளுபவரின் கையில் இருக்கிறது.

எப்போது சரியாகும்?

தேதி சொல்ல மாட்டேன். நோட்டின் நடுக் கட்டத்தில் டிக் மறுபடி விழத் தொடங்கியிருக்கிறது. கோல்கள் குறைவது அதற்குப் பிறகு தெரியும்.

பயிற்சியைப் பார்க்க வரலாமா?

தாராளமாக வரலாம். செவ்வாயும் வெள்ளியும் மாலை ஐந்து மணிக்குக் கார்னர் பயிற்சி தொடங்குகிறது. கோலுக்கு நேர் பின்னால் மட்டும் நிற்க வேண்டாம். வலை பல இடங்களில் கிழிந்திருக்கிறது. வட்டத்துக்கு வெளியே பக்கவாட்டில் நின்றால் ரஷ்ஷரின் முதல் அடி நன்றாகத் தெரியும். கோல்கீப்பரைப் பார்த்தால், போகும்போது அவனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.